உங்கள் கால் எலும்புக்கு எந்த ஸ்குவாட்?

வாசகர் கேள்விகளுக்கு ஜிம் மாஸ்டரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கேட்ட விதம் மட்டும் வேறு வேறு. ஒரே பயிற்சிக்கு இத்தனை வகை இருக்கின்றனவே, இதில் எதைச் செய்வது? இருபத்திரண்டு வருடமாக ஜிம்மில் நின்று சொல்லிக்கொடுக்கிறேன். ஆளைப் பார்க்காமல் வகையைச் சொல்ல எனக்கு இன்னும் வராது. அதனால் உயரம், வலி, பழகிய நாள் என்று கடிதத்தில் யார் எதை எழுதியிருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பதில் எழுதியிருக்கிறேன். விவரமே இல்லாமல் வந்த கடிதங்களை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். தயவுசெய்து இன்னொரு முறை விவரத்தோடு எழுதுங்கள்.

வயது 29, உயரம் 185 செ.மீ. ஆறு மாதமாக ஜிம் போகிறேன். பார்பெல்லைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்யும்போது பாதி இறங்கியதும் குதிகால் எழும்பிவிடுகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. என்னோடு வரும் நண்பன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து எழுகிறான். முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்று வேறு சொல்கிறார்கள். எனக்கு ஸ்குவாட் வரவே வராதா?

வரும். நண்பனைப் பார்த்துச் செய்வதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அவருடைய தொடை எலும்பின் நீளம் வேறு, உங்களுடையது வேறு.

எடையைத் தூக்கிக்கொண்டு உட்காரும்போது அந்த எடை உங்கள் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முன்னாலோ பின்னாலோ விழுவீர்கள். தொடை எலும்பு நீளமாக இருப்பவருக்கு உட்காரும்போது இடுப்பு வெகுதூரம் பின்னால் போகும். அதை ஈடுகட்ட மார்பு முன்னால் சாயும். இது சோம்பேறித்தனமும் இல்லை, பயிற்சிக் குறையும் இல்லை. உங்கள் உடம்பின் கணக்கு அப்படி. குட்டையான தொடையும் நீளமான முதுகும் உள்ளவர் நாற்காலியில் உட்காருவதுபோல் நேராக இறங்குவார். நீங்கள் அப்படி இறங்கினால் மல்லாக்க விழுவீர்கள்.

குதிகால் எழும்புவது வேறு விஷயம். அதற்குக் கணுக்காலைப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து ஒரு முட்டியை மடக்கி நில்லுங்கள். கட்டைவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடப் பாருங்கள். தொட்டுவிட்டால் கணுக்கால் தாராளமாக மடங்குகிறது. தொட முடியாமல் குதிகால் கிளம்பினால் இறுக்கம் அங்கேதான்.

இப்போது என்ன செய்வது? பார்பெல்லை ஒரு மாதம் ஓரம் வையுங்கள். ஒரு டம்பெல்லைச் செங்குத்தாகப் பிடித்து, மேல் தட்டை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு கோப்லெட் ஸ்குவாட் என்று பெயர். டேன் ஜான் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரப்பியது. எடை முன்னால் இருப்பதால் அது தராசின் எதிர்த்தட்டு மாதிரி வேலை செய்யும். இடுப்பு பின்னால் போனாலும் மார்பு நிமிர்ந்தே இருக்கும்.

போன மாதம் என்னிடம் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் உங்கள் சிக்கல்தான். அவளும் உயரம். வெறும் கையோடு உட்காரச் சொன்னேன், பாதியில் குதிகால் கிளம்பிவிட்டது. 8 கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து, இரண்டு குதிகாலுக்கும் அடியில் ஆளுக்கொரு 2.5 கிலோ பிளேட்டைப் படுக்க வைத்து, "முழங்கை ரெண்டும் முட்டிக்கு உள்பக்கம் உரசுற வரைக்கும் இறங்கும்மா" என்றேன். இறங்கிவிட்டாள். அடியில் போய் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். எடையில்லாமல் வராதது எடையோடு வந்துவிட்டதே என்ற ஆச்சரியம் முகத்தில் தெரிந்தது. எனக்கு இந்தத் தொழிலில் அலுக்காத காட்சி அது.

குதிகாலுக்குப் பிளேட் வைப்பது ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தால் அதற்கும் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் பளுதூக்கும் வீரர்களின் ஷூவைப் பாருங்கள், குதிகால் ஏறத்தாழ 2 செ.மீ. உயர்ந்திருக்கும். அவர்களுக்கே அது தேவைப்படுகிறது. கூடவே கணுக்கால் பயிற்சியும் தினமும் இரண்டு நிமிடம் செய்யுங்கள். சுவரில் செய்த அதே சோதனைதான் பயிற்சியும்.

முட்டி விரலைத் தாண்டக் கூடாது என்ற பேச்சுக்கு வருவோம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்குவாட் செய்பவர்களின் முட்டிக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி, முன்னால் போக விடாமல் தடுத்துப் பார்த்தார்கள். முட்டியில் விழும் திருப்புவிசை குறைந்தது உண்மை. ஆனால் இடுப்பில் விழும் விசை பல மடங்கு கூடிவிட்டது. முட்டியைக் காப்பாற்றப் போய் இடுப்பிலும் கீழ்முதுகிலும் கொண்டுபோய்க் கொட்டுகிற கதை. உங்கள் உயரத்துக்கு முட்டி விரலைத் தாண்டத்தான் செய்யும், தாண்டட்டும். முட்டி உள்பக்கம் சரியாமல், கால்விரல் பார்க்கும் திசையிலேயே போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கோப்லெட்டில் 24 கிலோவை வைத்து 10 முறை நிதானமாக இறங்கி எழ முடிந்ததும் பார்பெல்லுக்குத் திரும்பலாம். தோளின் முன்பக்கம் வைக்கும் ஃபிரன்ட் ஸ்குவாட்டுக்குப் போங்கள். மணிக்கட்டு வளையவில்லை என்றால் கையைக் குறுக்காகக் கட்டிப் பிடிக்கலாம். முதுகில் வைத்துத்தான் செய்வேன் என்றால், பாதங்களை இன்னும் அகலமாக வைத்து, விரல்களை வெளிப்பக்கம் திருப்பி, சாய்வதை ஒப்புக்கொண்டு செய்யுங்கள். முதுகு வளையாமல் சாய்ந்தால் தவறில்லை.

மாஸ்டர், எனக்கு 21 வயது. உடம்புக்கு ஒரே பயிற்சி பழகிவிட்டால் பலன் நின்றுவிடும், தசைக்கு 'ஷாக்' கொடுக்க வேண்டும் என்று சொல்வதால் வாராவாரம் எல்லாப் பயிற்சியையும் மாற்றுகிறேன். ஒரு வருடமாகியும் பெரிய முன்னேற்றம் இல்லை. இன்னும் என்னென்ன வகைகள் இருக்கின்றன என்று பட்டியல் தர முடியுமா?

தம்பி, பட்டியல் தர மாட்டேன். உன்னிடம் பட்டியல் அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை.

ஒரு புதுப் பயிற்சியைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் எடை வேகமாக ஏறும். அதில் பெரும்பகுதி தசை வளர்ந்ததால் வருவதில்லை. எந்தத் தசையை எப்போது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. அந்தப் பாடம் முடிந்த பிறகுதான் தசைக்கு உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. நீ அந்த நேரத்தில் பயிற்சியை மாற்றிவிடுகிறாய். ஐம்பத்திரண்டு வாரம் ஜிம் போயிருக்கிறாய், ஆனால் ஐம்பத்திரண்டு தடவையும் முதல் வாரத்தையே செய்திருக்கிறாய். மறுநாள் உடம்பு வலிப்பதைப் பலன் என்று நினைத்திருப்பாய். பழகாத எதைச் செய்தாலும் உடம்பு வலிக்கும் தம்பி. வீடு மாறி மூட்டை தூக்கினாலும் வலிக்கும்.

1940களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் போரில் காலில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை கொடுத்தார். அதுவரை லேசான எடையை வைத்து நிறைய தடவை ஆட்டச் சொல்வதுதான் வழக்கம். தேறுவதற்கு மாதக்கணக்காகும். டிலார்ம் இளமையில் உடம்பு சரியில்லாமல் கிடந்து எடை தூக்கித் தேறியவர். அவர் காலில் இரும்புக் காலணியை மாட்டி, எடையைப் படிப்படியாகக் கூட்டினார். 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் முறையைச் சுருக்கிவிட்டார். பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எது என்று கண்டுபிடி, அதில் பாதியை வைத்து ஒரு செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), முக்கால் பங்கை வைத்து ஒரு செட், முழுதையும் வைத்து ஒரு செட். இன்றைக்கு எல்லா ஜிம்மிலும் 'மூணு செட், பத்து ரெப்' என்று சொல்கிறார்களே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது. சிப்பாய்களுக்குப் பயிற்சி மாறவில்லை, எடைதான் மாறியது.

ஒரு நோட்டு வாங்கு. ஐந்தே ஐந்து பயிற்சி எழுது. உட்கார்ந்து எழுவது ஒன்று, குனிந்து தூக்குவது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, தலைக்கு மேல் தூக்குவது ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று செட், 8 முறை வரக்கூடிய எடையில் தொடங்கு. மூன்று செட்டிலும் 12 தொட்டுவிட்டால் அடுத்த நாள் பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றி மறுபடி 8இலிருந்து போ. பத்து வாரம் நோட்டில் பயிற்சியின் பெயர் மாறக் கூடாது.

வகையை எப்போது மாற்றலாம்? மூட்டு வலித்தால் அன்றைக்கே மாற்று. நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டும் மூன்று நான்கு வாரம் எண்ணிக்கை நகரவில்லை என்றால் மாற்று. அப்போதும் ஒன்றே ஒன்றை மாற்று. பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளுவது) நின்றுபோனால் பிடியைக் கொஞ்சம் நெருக்கிப் பிடி, அல்லது பெஞ்சைச் சற்றுச் சாய்த்துக்கொள், அல்லது நெஞ்சில் ஒரு விநாடி நிறுத்தித் தூக்கு. மூன்றையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்து வாரம் கழித்து நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எனக்கு எழுதி அனுப்பு. காத்திருப்பேன்.

ஸ்மித் மிஷினில் செய்வது வீண் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அந்தக் கருவியில் ராட் இரு பக்கத் தண்டவாளத்தில் மேலும் கீழும் ஓடுவதால் எடையை நிலைநிறுத்தும் வேலை உங்களுக்குக் குறைகிறது, அவ்வளவுதான். ஒற்றைக்கால் ஸ்குவாட், கெண்டைக்கால் பயிற்சி, சாய்வுத் தண்டால் எல்லாவற்றுக்கும் அருமையான கருவி. ஆனால் அங்கே தூக்கிய எடையை 20 கிலோ பார்பெல்லில் தூக்கியதோடு ஒப்பிடாதீர்கள். அந்த ராடின் எடை மிஷினுக்கு மிஷின் மாறும்.

வயது 36, எடை 60 கிலோ. முட்டி போட்டுத் தண்டால் 20 எடுக்கிறேன். முட்டியைத் தூக்கினால் ஒன்றுகூட வரவில்லை. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. கையில் எவ்வளவு எடை விழுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முழுத் தண்டாலில் உடல் எடையில் சுமார் 64 சதவீதம். முட்டி போட்டால் 49. உங்கள் 60 கிலோவில் அது 38 கிலோ, 29 கிலோ. நடுவில் 9 கிலோ பள்ளம் இருக்கிறது. 29 கிலோவை இருபது தடவை தள்ளிப் பழகியவர் திடீரென்று 38 கிலோவைத் தள்ளச் சொன்னால் எப்படித் தள்ளுவார்? அதோடு முட்டி போடும்போது வயிறும் இடுப்பும் பலகைபோல் நிற்கப் பழகுவதில்லை. முழுத் தண்டாலில் பலருக்குக் கைக்கு முன்னால் இடுப்புதான் தொங்கிவிடுகிறது.

பள்ளத்தில் படி கட்டலாம். முட்டி போடுவதை விட்டுவிட்டு, கையை உயரத்தில் வைத்து, காலை நீட்டி எடுங்கள். கை 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் விழுவது உடல் எடையில் 41 சதவீதம்தான், உங்களுக்குச் சுமார் 25 கிலோ. 30 செ.மீ. உயரத்தில் 55 சதவீதம், அதாவது 33 கிலோ. மேலே ஒருவருக்குச் சொன்ன ஸ்மித் மிஷின் இங்கே கைகொடுக்கும். ராடை இடுப்பு உயரத்தில் மாட்டித் தொடங்குங்கள். மூன்று செட், பத்துப் பத்து வந்துவிட்டால் ஒரு கொக்கி கீழே இறக்குங்கள். எத்தனையாவது கொக்கி என்று எழுதி வையுங்கள்.

எடுக்கும்போது பிட்டத்தை இறுக்கிக்கொள்ளுங்கள். முழங்கை காதுப்பக்கம் விரியாமல் சற்று விலாவை ஒட்டிப் பின்னால் போகட்டும். கடைசிக் கொக்கிக்கு வந்த பிறகு தரையில் ஒருநாள் ஒன்று வரும். அன்றைக்கு இரண்டாவதுக்கு முயலாமல் எழுந்து போய்விடுங்கள், இரண்டாவது தானாக வரும்.

டெட்லிஃப்ட் செய்தால் முதுகு போய்விடும் என்று பயமாக இருக்கிறது. கன்வென்ஷனல், சுமோ, ரொமேனியன், ட்ராப் பார் என்று நான்கு சொல்கிறார்கள். வயது 41, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. எதில் தொடங்கலாம்?

இடுப்பை மடக்கி ராடைத் தூக்கி நிமிர்வதுதான் டெட்லிஃப்ட். அதில் என் முதுகு ஒருமுறை போயிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு 26 வயது. பழகிய ஜிம்மில் பெரிய பிளேட்டுகள் கிடையாது. எல்லாம் சின்ன விட்டமுள்ள பழைய இரும்புத் தட்டுகள். பத்து கிலோ தட்டுகளாகப் பக்கத்துக்கு நான்கு கோர்த்து, தரையிலிருந்து தூக்கினேன். நாலாவது தடவை கீழ்முதுகில் சுருக்கென்று ஏதோ பிடித்தது. ராடைப் போட்டுவிட்டு நின்றேன், நிமிர முடியவில்லை. மூன்று வாரம் ஷூ லேஸ் கட்ட இன்னொருவர் வேண்டியிருந்தது. "டெட்லிஃப்ட்டே ஆபத்து, விட்டுடு" என்றார்கள். பல வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. போட்டியில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதைப் பூட்டினால் ராட் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்கும். சின்னத் தட்டைப் பூட்டினால் ராட் அதற்கும் கீழே இறங்கிவிடும். எட்டிப் பிடிக்க நான் இடுப்பை மடக்கியது போதாமல் முதுகையும் வளைத்திருக்கிறேன். வளைந்த முதுகோடு, களைத்த பிறகு, 100 கிலோ. பயிற்சியைக் குறை சொல்லி என்ன பயன்? நாலு விரல் உயரம்தான் தப்பு.

அதனால் உங்களிடம் முதலில் கேட்பது உயரத்தைத்தான். நிமிர்ந்து நின்று, முட்டியை லேசாக மட்டும் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். முதுகு வளையத் தொடங்கும் இடத்தில் கை எங்கே நிற்கிறதோ, அதுதான் இன்றைக்கு உங்கள் தரை. பலருக்கு அது முட்டிக்குச் சற்றுக் கீழே. அங்கிருந்து தொடங்கினால் பயமில்லை.

நான்கில் நீங்கள் தொடங்க வேண்டியது ரொமேனியன். இது மேலிருந்து தொடங்கும் வகை. ராடை அதைத் தாங்கி நிற்கும் ரேக்கிலிருந்து எடுத்து, தொடையை உரசியபடி இறக்கி, தொடையின் பின்பக்கம் இழுபடுவது தெரிந்ததும் திரும்பி வரவேண்டும். தரையைத் தொட வேண்டியதில்லை. உங்கள் முதுகு சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் இதன் அழகு. இதன் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ரொமேனிய வீரர் நிகு விளாட் 1990இல் அமெரிக்காவுக்குப் போயிருந்தபோது இப்படிச் செய்துகொண்டிருந்தார். பார்த்தவர்கள் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். அவரிடம் பெயர் எதுவும் இல்லை, முதுகு உரமாக இருப்பதற்காகச் செய்கிறேன் என்றாராம். அவர் நாட்டுப் பெயரையே வைத்துவிட்டார்கள். உலக அளவில் எடை தூக்குகிறவர் முதுகைக் காக்கச் செய்த பயிற்சி, நாள் முழுக்க உட்காருகிறவருக்கும் நல்லதே.

இரண்டு 8 கிலோ டம்பெல்லோடு ஆரம்பியுங்கள். மூன்று விநாடியில் இறக்குங்கள். இரண்டு மாதம் போகட்டும். அப்புறம் உங்கள் ஜிம்மில் ட்ராப் பார் இருந்தால் அதற்குப் போங்கள். அறுகோண வடிவில், நாம் உள்ளே நின்று தூக்கும் ராட் அது. 1980களில் அல் ஜெரார்ட் என்ற பவர்லிஃப்டர் உருவாக்கியது. எடை காலுக்கு முன்னால் இல்லாமல் உடம்பின் இரண்டு பக்கமும் இருப்பதால் முதுகு குறைவாகச் சாயும். பெரும்பாலானவற்றில் கைப்பிடியும் உயரமாக இருக்கும். ட்ராப் பார் இல்லையென்றால் சாதாரண ராடின் இரு பக்கத்துப் பிளேட்டுக்கு அடியிலும் இரண்டிரண்டு பிளேட்டைப் படுக்கவைத்து மேடாக்கிக்கொள்ளுங்கள். எனக்கு 26 வயதில் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சுமோ என்பது கால்களை அகட்டி, கைகளை உள்பக்கம் விட்டுத் தூக்குவது. முதுகு நிமிர்ந்திருக்கும், ஆனால் தொடையின் உள்பக்கமும் இடுப்பு மூட்டும் இடம் கொடுக்க வேண்டும். இடுப்பு நெருடினால் வேண்டாம். கன்வென்ஷனல் தரையிலிருந்து தூக்கும் பழைய முறை. போட்டிக்குப் போகாதவர் அதைச் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஏற்கெனவே கால் வரை இறங்கும் வலி, மரத்துப்போதல் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே எதையும் தொடுங்கள்.

புல்-அப் ஒன்றுகூட வரவில்லை. எந்தப் பிடி சுலபம்?

தலைக்கு மேலுள்ள கம்பியை உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடிக்கும் சின்-அப். மேல்கையின் முன்பக்கத் தசை (பைசெப்ஸ்) அதிகம் உதவுவதால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே முதலில் வரும். ஏறுவதற்கு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், இறங்குவதை மட்டும் ஐந்து விநாடியில் செய்யுங்கள். மேலே தூக்க முடியாத எடையையும் மெல்ல இறக்கத் தசையால் முடியும். வாரம் இரண்டு நாள், மூன்று செட், மூன்று மூன்று முறை போதும். அதற்கு மேல் போனால் முழங்கை கோபித்துக்கொள்ளும்.

எனக்கு 68 வயது. முட்டி லேசாக வலிக்கும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுகிறேன். மகள் ஜிம்முக்குக் கூப்பிடுகிறாள். இந்த வயதில் எடை தூக்குவது தேவையா?

அம்மா, கண்டிப்பாகப் போங்கள். இந்த முறை வந்த கடிதங்களில் எடைப் பயிற்சி மிக அவசியமாகத் தேவைப்படுபவர் நீங்கள்தான்.

1990இல் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேர், சராசரி வயது 90. வாரம் மூன்று நாள், காலை நீட்டி எடை தூக்கும் பயிற்சி. லேசான எடை இல்லை, அவரவர் ஒரு முறை தூக்கக்கூடிய எடையில் 80 சதவீதம் வரை போனார்கள். எட்டு வாரம் முடித்தது ஒன்பது பேர். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறில் அது முடிந்திருக்கிறது என்றால் அறுபத்தெட்டு ரொம்பச் சின்ன வயது அம்மா. 65 வயதைத் தாண்டியவர்கள் வலுவும் நிதானமும் தரும் பயிற்சிகளை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். பயிற்சியின்போது மூச்சை மட்டும் அடக்கவே அடக்காதீர்கள். அடக்கினால் அந்த நேரத்துக்கு அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள். எண்ணுகிற வாய் மூச்சை அடக்க முடியாது.

உங்கள் ஸ்குவாட் நாற்காலியில்தான். ஜிம்மில் இருக்கும் மரப்பெட்டியின் மேல் மெத்தையை அடுக்கி, கை ஊன்றாமல் எழ முடிகிற உயரத்தைக் கண்டுபிடியுங்கள். பாதங்களை நன்றாக உள்ளே இழுத்து, மூக்கு முட்டிக்கு நேராக வரும் வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி உட்காருங்கள். ஐந்து முறை, மூன்று செட். சுலபமானதும் ஒரு மெத்தையை எடுத்துவிடுங்கள்.

என்னிடம் வரும் ஓர் அம்மாவுக்கு 66 வயது. முதல் நாள் நான்கு மெத்தை வைத்தோம். பதினோராவது வாரம் வெறும் பெட்டியில் உட்கார்ந்து, 4 கிலோ டம்பெல்லை நெஞ்சில் அணைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் அவர் சொன்னது, "இனிமே கல்யாண வீட்ல தரையில உட்காரச் சொன்னாலும் பயமில்ல."

முட்டி வலிக்கு: உயரத்தைக் கூட்டினால் வலி குறையும். பத்துக்கு மூன்று என்ற அளவில் லேசாக வலித்தால் தொடரலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ ஒரு மெத்தை திரும்ப வையுங்கள். கூடவே உட்கார்ந்து கேபிளை இழுப்பது, இரண்டு கையிலும் எடையோடு பத்து மீட்டர் நடப்பது, இவை போதும். மகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

பெஞ்ச் பிரஸ் செய்யும்போது பின்னால் நின்று தாங்க ஆள் கிடைப்பதில்லை. தோளும் முன்பக்கம் வலிக்கிறது. விட்டுவிடலாமா?

தனியாகச் செய்வதென்றால் ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளைப் போட்டுச் செய்யுங்கள். நெஞ்சை உயர்த்தினால் ராட் கம்பிக்கு ஒரு விரல் மேலேயும், நெஞ்சைத் தளர்த்தினால் கம்பியிலேயும் நிற்கும் உயரம் சரி. கம்பி இல்லாத பெஞ்சில் பிளேட்டுக்கு கிளிப் மாட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் ராடை ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைக் கொட்டிவிடலாம். கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்க வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

தோள் வலிக்கு, படுத்ததும் இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கி, பெஞ்சில் பதித்துக்கொண்டு, முழங்கையை உடம்பிலிருந்து 45 முதல் 60 டிகிரி வரை மட்டும் விலக்கிப் பாருங்கள். ராட் கழுத்துப்பக்கம் இறங்காமல் மார்பின் கீழ்ப்பகுதிக்கு வரும். அப்படியும் வலித்தால் தரையில் படுத்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல் தள்ளுங்கள். முழங்கை தரையில் முட்டி நின்றுவிடுவதால் தோள் அதிகம் இழுபடாது. ஆள் இல்லாவிட்டாலும் கவலை இல்லை, பக்கவாட்டில் இறக்கிவிடலாம். ஆறு வாரம் இதைச் செய்துவிட்டு மறுபடி பெஞ்சுக்குப் போங்கள். கையைத் தூக்கவே முடியாத வலி என்றால் மருத்துவரிடம்.

இடது கை வலது கையைவிட வலுக் குறைவு. பார்பெல் ஒரு பக்கம் சாய்கிறது. இடது கைக்கு மட்டும் கூடுதலாக இரண்டு செட் செய்யலாமா?

வேண்டாம், இன்னும் கோணலாகும். இரண்டு மாதம் பார்பெல்லுக்குப் பதில் டம்பெல் எடுங்கள். ஒவ்வொரு கையாகச் செய்யுங்கள், எப்போதும் இடதிலிருந்து தொடங்குங்கள். இடது கை 9 முறையில் நின்றுவிட்டால் வலது கையும் 9இலேயே நிற்கட்டும், அதற்குப் பதினைந்து வந்தாலும் சரி.